மேலக்கரும்பூர் மேஜரம்மா

மேலக்கரும்பூரில் ஏரி வடக்கே, தெற்குத் தெரு தெற்கே. இரண்டுக்கும் நடுவில் ஊரார் வயல்கள். ஏரித் தண்ணீர் மதகு தாண்டி வாய்க்காலில் இறங்கி, வயல்களையெல்லாம் நனைத்து, தெற்குத் தெருவுக்கு வந்து சேர்வதற்குள் தீர்ந்துபோகும். தெற்குத் தெருவில் யாருக்கும் நிலம் கிடையாது என்பதால் அதைப் பற்றி யாரும் கேட்டதில்லை. அந்தத் தெருப் பெண்கள் அந்த வயல்களில் நாற்றுப் பறித்தார்கள், நட்டார்கள், களையெடுத்தார்கள், அறுத்தார்கள். ஆண்டாயியும் அப்படித்தான். புருஷன் கிணறு வெட்டப் போன இடத்தில் மண் சரிந்து செத்துப்போனான். மகள் கிருஷ்ணம்மாளைத் தரையில் நடத்திக்கொண்டு, மகன் சாமிதுரையை இடுப்பில் வைத்துக்கொண்டு, அடுத்த வாரமே அவள் நடவுக்குப் போய்விட்டாள்.

கிருஷ்ணம்மாள் அரியலூரில் விடுதியில் தங்கிப் படித்தாள். பள்ளி இறுதியை முடித்த வருஷம் வார்டன் லீலாவதி டீச்சர் அவளைக் கூப்பிட்டு, பத்திரிகையில் வந்த ஒரு விளம்பரத்தைக் காட்டினார்.

“பட்டாளத்து ஆஸ்பத்திரியில நர்ஸு படிப்பு. சாப்பாடு, துணிமணி, தங்குற எடம் எல்லாம் அவங்களே பாத்துக்குவாங்க. போறியா?”

சாப்பாடு என்று காதில் விழுந்ததுமே அவள் தலையாட்டிவிட்டாள். பட்டாளம் எங்கே இருக்கிறது என்றுகூடக் கேட்கவில்லை.

“பொம்பளப் புள்ளையத் துப்பாக்கி தூக்க அனுப்புறியே ஆண்டாயி” என்று தெருவில் சொன்னார்கள். “களைக்கொத்து தூக்குறதுக்கு அது தேவல” என்றாள் ஆண்டாயி.

துப்பாக்கியை அவள் தூக்கவே இல்லை. மருந்துத் தட்டைத்தான் தூக்கினாள். புனே, பதான்கோட், குவாஹாத்தி என்று ஊர் ஊராக மாற்றல். லெப்டினன்ட் ஆனாள், கேப்டன் ஆனாள். தோளில் ஏறிய நட்சத்திரங்களுக்கு என்ன அர்த்தம் என்று மேலக்கரும்பூரில் யாருக்கும் தெரியாது. லீவில் வரும்போது அவள் கொண்டுவரும் கம்பளிப் போர்வைகளை அந்த வெக்கையில் என்ன செய்வதென்று தெரியாமல் ஆண்டாயி மடித்து மடித்துப் பரணில் அடுக்கினாள். மாப்பிள்ளை பார்க்கிறோம் என்று இரண்டு முறை ஆட்கள் வந்தார்கள். இரண்டு முறையும் லீவு முடிந்துபோனது. மூன்றாம் முறை யாரும் வரவில்லை.

கார்கில் சண்டை நடந்த கோடையில் அவள் லே நகரத்து ராணுவ மருத்துவமனையில் இருந்தாள். அதற்கு முன்பும் அவள் சாவைப் பார்த்தவள்தான். ஆனால் அந்தக் கோடையில் லாரிகள் வந்துகொண்டே இருந்தன. ஒரு பையனை இறக்கிக் கட்டிலில் போடுவார்கள், அவன் போய்விடுவான். விரிப்பை உருவி, புது விரிப்பு போட்டு, கை கழுவிவிட்டுத் திரும்பினால் அதே கட்டிலில் இன்னொருவன் இருப்பான். முதல் சில நாள் அவளுக்கு ஒவ்வொருவன் பெயரும் ஞாபகம் இருந்தது. பிறகு கட்டில் எண் மட்டும் நின்றது. எப்போது அப்படி மாறினோம் என்று பின்னால் அவள் யோசித்துப் பார்த்ததுண்டு. பிடிபடவில்லை.

கண்ணிவெடியில் இரண்டு பாதங்களையும் இழந்த ஒருவன் ஜன்னலோரக் கட்டிலில் இருந்தான். கர்வால் பக்கத்து ஆள். கீழே சிந்து ஆற்றங்கரைச் சதுப்பிலிருந்து வாத்துக் கூட்டம் ஒன்று எழுந்து ஜன்னலுக்கு நேரே பறந்து போகும். வெள்ளைத் தலை, பின்மண்டையில் இரண்டு கறுப்புக் கோடு. அவன் நாள் முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருப்பான்.

“குளிர்காலத்தில் இதெல்லாம் எங்கே போகும் சிஸ்டர்?”

“தெரியாது.”

“தெற்கே போகும் என்பார்கள். உங்கள் ஊர்ப் பக்கமாக இருக்கும்.”

“எங்கள் ஊரில் கொக்குதான் உண்டு” என்றாள் அவள். மறுநாள் அவனை விமானத்தில் ஏற்றிச் சண்டிகருக்கு அனுப்பிவிட்டார்கள். அதற்கப்புறம் அவன் என்ன ஆனான் என்பது அவளுக்குத் தெரியாது.

ஆண்டாயி செத்ததும் அந்தக் கோடையில்தான். தந்தி வந்தது. அன்றைக்கு லீவு கேட்கிற நிலைமை இல்லை, அவளும் கேட்கவில்லை. ஊருக்கு வந்தபோது கருமாதி எல்லாம் முடிந்து பந்தல் கூடப் பிரித்தாகிவிட்டது. சாமிதுரை அக்காளைக் கட்டிக்கொண்டு அழுதான். அவள் அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். தம்பி பெண்டாட்டி சின்னம்மாள் சோறு போட்டாள், சாப்பிட்டாள். படுத்தாள், தூங்கினாள். மறுநாள் காலை எழுந்து, அம்மாவின் சேலைகளை யார் யாருக்குக் கொடுக்கலாம் என்று கேட்டாள். சேலைகளோடு கம்பளிகளும் இருந்தன. எல்லாவற்றையும் பிரித்துக் கொடுத்துவிட்டு அந்த வாரமே ரயில் ஏறினாள்.

மேஜராக ஓய்வு பெற்று அவள் ஊர் திரும்பியபோது வயது நாற்பத்தைந்து தாண்டியிருந்தது. தெற்குத் தெருவில் தம்பி வீட்டை ஒட்டி, பொதுச் சுவர் வைத்து வீடு கட்டினாள். காலை நாலரைக்கு எழுந்து பழகிய உடம்பு. ஐந்தரைக்குள் வேலையெல்லாம் முடிந்துவிடும். அப்புறம் இருட்டும்வரை பொழுது முழுசாகக் கிடந்தது. அரியலூரிலிருந்து மேலக்கரும்பூர் வழியாகத் திருச்சிக்குக் காலையில் ஒரு பஸ் உண்டு, சாயங்காலம் திரும்பி வர ஒன்று உண்டு. திருச்சியில் சட்டக் கல்லூரி இருந்தது. பட்டாளத்தில் இருக்கும்போதே தபாலில் பி.ஏ. முடித்து வைத்திருந்தாள். ஏன் வக்கீலுக்குப் படித்தீர்கள் என்று யாராவது கேட்டால் அவள் சொல்கிற காரணம் இவ்வளவுதான், அந்த பஸ் நேரம் தோதாக இருந்தது. கேட்டவர்கள் அடக்கம் என்று நினைத்துக்கொள்வார்கள். அவள் உள்ளதைத்தான் சொன்னாள்.

படித்து முடித்ததும் அரியலூரில் கோர்ட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை மாடியில் ஓர் அறை பிடித்தாள். பட்டாளத்துக்காரர் பென்ஷன், விதவைகள் பென்ஷன், ஜீவனாம்சம், லாரி மோதிய கேஸ் என்று ஆட்கள் வந்தார்கள். அழுதுகொண்டு வருகிறவர்களிடம் அவள் ஆறுதல் சொல்ல மாட்டாள். தேதி கேட்பாள், கையெழுத்து வாங்குவாள், சொன்ன நாளில் சொன்ன நேரத்தில் கோர்ட்டில் நிற்பாள். “மேஜரம்மா கிட்ட போனா அன்பா ரெண்டு வார்த்த கெடைக்காது, ஆனா கேஸு முடிஞ்சிரும்” என்று பெயர் வந்தது.

ஒரு மார்கழியில் நிலத்தகராறு ஒன்றுக்காகத் திருமழபாடி போய்விட்டு ஸ்கூட்டரில் ஏரிக்கரை வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தாள். கரைக்கு உட்புறம், தண்ணீர் கணுக்கால் அளவு நிற்கிற இடத்தில் வாத்துகள் நின்றன. வெள்ளைத் தலை, பின்மண்டையில் இரண்டு கறுப்புக் கோடு. வண்டியை நிறுத்தினாள். இமயமலையைத் தாண்டி அவை இங்கே வந்து நிற்கின்றன, இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவளுக்கு அது தெரியாது. சின்ன வயதில் ஏரியின் அந்தப் பக்கம் போக விட்டிருந்தால் தெரிந்திருக்குமோ என்னவோ. ஜன்னலோரக் கட்டில் அவள் நினைவுக்கு வந்தது. அவன் முகம் வரவில்லை. ஏதாவது தோன்றும் என்று காத்திருந்தாள். ஒன்றும் தோன்றவில்லை. ஆனாலும் வெயில் சாயும்வரை அங்கேயே நின்றாள். மறுநாளும் போனாள்.

அப்படித்தான் அது ஆரம்பித்தது. பெரம்பலூரில் கல்லூரி வாத்தியாராக இருந்த மணிவேல் என்பவர் தை மாதத்தில் பறவை எண்ண மாணவர்களைக் கூட்டிக்கொண்டு வருவார். கரையில் தினமும் தனியாக நிற்கிற அம்மாளைப் பார்த்துவிட்டு அவரே வந்து பேசினார். பைனாகுலரைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். அது வரித்தலை வாத்து என்று பெயர் சொன்னார். அதன் பிறகு அவரோடு சுற்ற ஆரம்பித்தாள். வேப்பந்தட்டைப் பக்கம் காட்டோரக் கிணறுகளில் கோடையில் மான்கள் தண்ணீர் தேடி வந்து விழுந்து சாகும். பஞ்சாயத்துக்கு மனு, கலெக்டருக்கு மனு, கடைசியில் கோர்ட்டுக்கு மனு என்று போய், கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறுகளுக்குச் சுவர் எழுப்ப வைத்தாள். ஏரிக்கரையில் வெடி வெடித்தவர்கள்மேல் புகார் கொடுத்தாள். குரும்பலூரில் மக்காச்சோளக் கொல்லையில் மயிலுக்கு விஷம் வைத்த கேஸில் மட்டும் விவசாயியின் பக்கம் நின்று வாதாடினாள். மணிவேலுக்கு அது பிடிக்கவில்லை. “அந்த ஆளுக்கும் வக்கீல் வேணும்ல சார்” என்று முடித்துக்கொண்டாள்.

பிறகு ஏரியில் மண் எடுக்க வந்தார்கள்.

விவசாயிகள் வயலுக்கு வண்டல் அடித்துக்கொள்ள அரசு அனுமதி கொடுத்திருந்தது. மேலாக மூன்றடி அள்ளலாம். வெளியூர் கான்ட்ராக்டர் ஒருவன் அந்த அனுமதியை வைத்துக்கொண்டு உள்ளே பொக்லைனை இறக்கி, இருபது அடிக்குத் தோண்டி, செங்கல் சூளைக்கு ஏற்றி அனுப்பினான். வாத்துகள் நிற்கிற ஆழமில்லாத இடம்தான் முதலில் போனது. அடுத்த மழைக்கு வந்த தண்ணீர் எல்லாம் பள்ளத்தில் போய் உட்கார்ந்துகொண்டது, மதகு மட்டத்துக்கு ஏறவே இல்லை.

ஏரிப் பாசனச் சங்கத் தலைவர் குருமூர்த்தி அவள் அறைக்கு வந்தார். மாடிப்படி ஏறிய மூச்சு வாங்க, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“மேடம், நீங்கதான் பாத்துப் பண்ணணும். நீங்களும் நம்ம ஊரு.”

இவருடைய அப்பா களத்தில் கூலி நெல்லைத் தள்ளி நின்றுதான் ஆண்டாயியின் முந்தானையில் கொட்டுவார். சிந்துவதைக் குனிந்து பொறுக்க வேண்டும். கிருஷ்ணம்மாளுக்கு அது நினைவுக்கு வந்தது. கோபம் வருகிறதா என்று பார்த்தாள், வரவில்லை.

“உக்காருங்க” என்றாள். “ஏரி சர்வே நம்பர் சொல்லுங்க.”

சென்னையில் பசுமைத் தீர்ப்பாயத்தில் மனுப் போட்டாள். மணிவேல் பறவைக் கணக்குகளைக் கொடுத்தார். மண் எடுப்பதை நிறுத்த வேண்டும், பள்ளத்தை மூட வேண்டும், ஏரியைப் பறவைகளுக்கான காப்பிடமாக அறிவிக்க வேண்டும், ஏரிக்குள் மனிதர் யாரும் இறங்க விடக்கூடாது என்று நான்கு கோரிக்கை. ஒவ்வொரு சொல்லையும் அவளே எழுதினாள். மண் ஏற்றிய டிப்பர்களின் நம்பர்களைக் கரையில் நின்று குறித்துவந்து மனுவில் சேர்த்தாள். அதில் இரண்டு டிப்பர் அறிவரசனுடையவை. அறிவரசன் சாமிதுரையின் ஒரே மகன். முதல் வண்டி வாங்கும்போது பாங்கில் ஜாமீன் கையெழுத்துப் போட்டது கிருஷ்ணம்மாள்தான்.

நோட்டீஸ் வந்த அன்று சாயங்காலம் சாமிதுரை வந்தான். உள்ளே வராமல் வாசற்படியிலேயே நின்றான்.

“அக்கா, கேஸு போட்டிருக்கியாமே?”

“போட்டிருக்கேன்.”

“யாரு மேலன்னு தெரிஞ்சுதான் போட்டியா?”

“கான்ட்ராக்டர் மேல. லாரி வெச்சிருக்கிறவங்க மேல.”

“அறிவு மேலன்னு வாயத் தொறந்து சொல்லேன்.”

“அறிவு மேலயும்தான். ரெண்டு வண்டி நம்பரும் போட்டிருக்கேன்.”

சாமிதுரை நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டான். “அந்த ஏரித் தண்ணி நம்ம தெருவுக்கு என்னிக்காச்சும் வந்திருக்கா? அதுல நமக்கு ஒரு குழி நெலத்துக்காச்சும் பாசனம் உண்டா? அம்மா வடக்குத் துறையில கொடத்த வெச்சிச்சுன்னு காலால ஒதைச்சு உருட்டி வுட்டாங்களே, நீயும் பாத்துக்கிட்டுத்தானே நின்ன? இன்னிக்கு நம்ம வூட்டுப் புள்ள ரெண்டு வண்டி வாங்கி, அவங்க தெரு வழியா ஆரன் அடிச்சிக்கிட்டு ஓட்டிக்கிட்டுப் போறான். அதப் போயி நிறுத்துறியே. குருமூர்த்தி வந்து கும்புட்டதும் உச்சி குளுந்துபோச்சா உனக்கு?”

“குருமூர்த்திக்காகப் போடல.”

“பின்ன யாருக்கு? வாத்துக்கா?”

ஆமாம் என்று சொல்லலாம். ஆனால் வாத்துகளிடம் அவளுக்குப் பிரியம் இருந்ததா என்றுகூடத் தெரியவில்லை. அவை வருகிற இடம் இருக்க வேண்டும் என்று மட்டும் தோன்றியது. தம்பி சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. எதிர்த்தரப்பு வக்கீல் இப்படி ஒரு வாதத்தை எடுத்து வைத்திருந்தால் பதில் சொல்ல அவளிடம் ஒன்றும் இருந்திருக்காது.

“அறிவுகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டாச்சும் போட்டிருக்கலாம்ல?”

“சொல்லியிருந்தா வேற மாதிரி எழுதியிருப்பேன்” என்றாள்.

சாமிதுரை படியிலிருந்து இறங்கினான். “நீ அங்கயே பனியில செத்துப் போயிட்ட அக்கா. இங்க வந்தது வேற யாரோ” என்று சொல்லிவிட்டுப் போனான். அடுத்த வீட்டில் சின்னம்மாள் பாத்திரம் கழுவும் சத்தம் பொதுச் சுவர் வழியாகக் கேட்டது. நடந்ததை அவளும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பாள்.

தீர்ப்பாயம் ஆட்களை அனுப்பிப் பள்ளத்தை அளந்தது. மண் எடுப்பது நின்றது. வண்டிகள் ஜப்தியாகித் தாலுகா ஆபீஸ் வளாகத்தில் வெயிலில் கிடந்தன. அபராதம் கட்டி மீட்டபோது டயரெல்லாம் வெடித்துப்போயிருந்தது. அறிவரசன் இரண்டையும் வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, மஸ்கட்டுக்கு டிரைவர் வேலைக்குப் போனான். கிளம்பும்போது பெட்டியோடு அத்தை வீட்டு வாசலைக் கடந்துதான் போக வேண்டும். கடந்து போனான். கிருஷ்ணம்மாள் வாசலில்தான் நின்றாள். பாங்கு பாக்கியை அவள் பென்ஷனிலிருந்து பிடித்துக்கொண்டார்கள். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை, பாங்கிலேயே வேலை செய்த தெருப் பையன் சொல்லித் தெருவுக்குத் தெரிந்தது. அதற்காக யாரும் அவளிடம் வந்து பேசிவிடவில்லை.

குருமூர்த்தி கோயிலில் பொன்னாடை போர்த்த ஏற்பாடு செய்தார். எந்தக் கோயில், எந்த வாசல் வரை என்று கேட்டாள். அவர் தடுமாறினார். “அப்ப வேணாங்க” என்று சொல்லிவிட்டுக் கேஸ் கட்டைப் பிரித்தாள்.

சாமிதுரை அதற்கு இரண்டு வருஷம் கழித்து மாரடைப்பில் போனான். விடியற்காலை, பொதுச் சுவருக்கு அந்தப் பக்கம் சின்னம்மாள் அலறுவது கேட்டு கிருஷ்ணம்மாள் ஓடினாள். கட்டிலில் கிடந்தவனின் கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தாள். ஆகிவிட்டது. அதற்கப்புறம் அவள் கைகள் தாமாக வேலை செய்தன. கண்களை மூடினாள். துண்டைக் கிழித்துத் தாடையைத் தூக்கிக் கட்டினாள். கைகால்களை நேராக்கினாள், பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டினாள், விரிப்பை இழுத்துச் சுருக்கமில்லாமல் மடக்கி விட்டாள். பட்டாளத்தில் எத்தனையோ பேருக்குச் செய்தது, ஒரு சுருக்கம் இருக்கக் கூடாது. பிறகு பழக்கத்தில் கை கழுவத் தண்ணீர் எங்கே என்று திரும்பினாள்.

தெருப் பெண்கள் கூடிவிட்டிருந்தார்கள். எல்லாரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“தொடாதீங்க” என்றாள் சின்னம்மாள். தரையில் உட்கார்ந்திருந்தவள் எழுந்து வந்து கட்டிலுக்கும் அவளுக்கும் நடுவில் நின்றாள். “அண்ணி, அவரு உங்க ஆஸ்பத்திரிப் பொணம் இல்ல. தள்ளிப் போங்க.”

கிருஷ்ணம்மாள் தள்ளிப் போனாள். கொரோனா காலம், அறிவரசனுக்கு விமானம் கிடைக்கவில்லை. பங்காளி மகன் ஒருவன் கொள்ளி வைத்தான். வாய்க்கரிசி போடும்போது அவளை யாரும் கூப்பிடவில்லை. பந்தலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்று, தேர் கிளம்பும்வரை பார்த்துவிட்டு, வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அழுகை வருமா என்று உட்கார்ந்திருந்தாள். மதியம் பசித்தது.

அதற்கப்புறம் ஏரியைக் காப்பிடமாக அறிவித்து அரசாணை வந்தது. வனத்துறைக்காரர்கள் கரை நெடுகக் கம்பி போட்டார்கள், பலகை நட்டார்கள். பள்ளம் மூடியும் மூடாமலும் கிடந்தது, வாத்துகள் சில வருஷம் வந்தன, சில வருஷம் வரவில்லை. தண்ணீர் மட்டும் மதகுக்கு ஏறியது.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் சித்திரையில், மாடி அறையில் இருந்தவளுக்கு போன் வந்தது. தெற்குத் தெருப் பெண்கள் ஐந்து பேரை ஏரிக்குள் நத்தையும் மீனும் பிடித்ததற்காக வனத்துறை பிடித்து வைத்திருக்கிறது, சின்னம்மாளும் அதில் இருக்கிறாள் என்று.

கோடையில் ஏரி வற்றும்போது தெற்குத் தெருப் பெண்கள் இறங்கி நத்தை, நண்டு, சேற்றில் புதைந்த கெளுத்தி என்று அள்ளுவது ஆண்டாயி காலத்திலிருந்து உண்டு. வேலை இல்லாத மாதங்களில் தெருவுக்குக் கறி அதுதான். பாசனம் ஊராருக்கு, சேறு இவர்களுக்கு. அதைப் பற்றி மனுவில் ஒரு வரி எழுத வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. ஆண்டாயி கொண்டுவந்த நத்தையைத் தின்று வளர்ந்தவள்தான்.

வனத்துறை அலுவலகத்தில் ஐந்து பெண்களும் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். முழங்கால் வரை சேறு காய்ந்து வெடித்திருந்தது. அலுமினியத் தூக்குகளையும் கொசுவலைத் துணிகளையும் மேசைமேல் வரிசையாக வைத்துச் சீட்டு ஒட்டியிருந்தார்கள். நத்தைகள் தூக்கு விளிம்பில் ஏறிக்கொண்டிருந்தன.

ரேஞ்சர் எழுந்து வணக்கம் சொன்னார். சின்ன வயது, மரியாதையான ஆள்.

“மேடம், நீங்க தப்பா நெனைக்கக் கூடாது. உள்ள யாரும் எறங்கக் கூடாதுங்கிறது உங்க மனுவுல நீங்க கேட்டதுதான். அப்படியே ஆர்டர்ல வந்திருக்கு. நாங்களா எதுவும் சேக்கல.”

“தெரியும்” என்றாள். “எழுதினது நான்தான்.”

நான்கு பேர் வக்காலத்தில் கையெழுத்துப் போட்டார்கள். சின்னம்மாள் தாளையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். மூன்று வருஷமாக ஒரு சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்துகொண்டு பேசாதவர்கள்.

“வேற வக்கீல் வேணும்னாலும் வெச்சித் தரேன்” என்றாள் கிருஷ்ணம்மாள்.

சின்னம்மாள் பெருவிரலை நீட்டினாள். விரலில் சேறு ஒட்டியிருந்தது. கிருஷ்ணம்மாள் தன் முந்தானையில் அதைத் துடைத்து, மையில் தோய்த்து, தாளில் அழுத்தினாள்.

அன்றைக்கே ஜாமீன் கிடைத்தது. மற்ற நால்வரும் ஷேர் ஆட்டோவில் போய்விட்டார்கள். ஐந்தாமவளுக்கு இடமில்லை. ஸ்கூட்டர் ரிப்பேரில் கிடந்ததால் கிருஷ்ணம்மாளும் பஸ்ஸுக்குத்தான் போக வேண்டும். இரண்டு பேரும் பஸ் ஸ்டாண்டு சிமெண்டுப் பலகையில், நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடம் விட்டு உட்கார்ந்தார்கள். சிமெண்டு லாரிகள் புழுதி கிளப்பிப் போய்க்கொண்டிருந்தன.

“உங்க தம்பி செத்தன்னிக்கு” என்று சின்னம்மாள் ரோட்டைப் பார்த்தபடியே ஆரம்பித்தாள். “ஒரு சொட்டு அழுதிருந்தீங்கன்னா, நான் அன்னிக்கே பேசியிருப்பேன் அண்ணி.”

“வரல சின்னம்மா.”

“வரலன்னா அப்பிடி வெறப்பா நிக்கிறதா? சும்மாவாச்சும் கண்ணத் தொடைக்கக் கூடாது?”

“தோணல.”

சின்னம்மாள் தலையை ஆட்டினாள். கோபம் போலவும் இருந்தது, வேறு மாதிரியும் இருந்தது. “தாடைய நல்லாத்தான் கட்டியிருந்தீங்க. குளிப்பாட்டுறவங்க சொன்னாங்க, மொகம் தூங்குற மாதிரி இருந்துச்சுன்னு” என்றாள். அப்புறம் பஸ் வந்தது. கூட்டம். ஏறுகிற அவசரத்தில் யார் யாருக்கு இடம் பிடித்தது என்று தெரியாமல் இருவருக்கும் ஒரே சீட்டில் இடம் கிடைத்தது.

கேஸ் தள்ளுபடியாகச் சில மாதங்கள் ஆயின. அதோடு கிருஷ்ணம்மாள் விடவில்லை. காப்பிடம் அறிவிக்குமுன் அங்கே யாருக்கு என்ன பாத்தியதை உண்டு என்று விசாரித்திருக்க வேண்டும் என்பது சட்டம். அந்த விசாரணை நடக்கவில்லை என்று, தான் வாங்கிய உத்தரவுக்கு எதிராகத் தானே மனுப் போட்டாள். மணிவேல் பெரம்பலூரிலிருந்து பஸ் ஏறி வந்து வருத்தப்பட்டார்.

“இன்னிக்கு நத்தைன்னு திறந்து விட்டா நாளைக்கு எல்லாரும் உள்ள வருவாங்க மேடம். இவ்வளவு வருஷம் பாடுபட்டது என்னத்துக்கு?”

“வரலாம் சார். வந்தா அதுக்கும் ஒரு கேஸு போடுவோம்.”

விசாரணைக்கு வந்த அதிகாரி ஏரிக்கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஊரார் சார்பில் குருமூர்த்தி பேசினார். தெற்குத் தெருவுக்கு ஏரியில் பாத்தியதை எதுவும் ஆவணத்தில் இல்லை என்றார், அது உண்மைதான். பிறகு சின்னம்மாளைக் கூப்பிட்டார்கள். எத்தனை வருஷமாக இறங்குகிறீர்கள் என்று அதிகாரி கேட்டார்.

“என் மாமியா எறங்கிச்சு. அதுக்கு முன்னால அது மாமியா. ஏரி வெட்டுனது எங்காளுங்க, எறங்காம எப்பிடிங்க வெட்டுவாங்க?” என்றாள்.

அதிகாரி சிரித்துவிட்டார். எழுதிக்கொண்டார். பங்குனி கடைசியிலிருந்து ஆனி வரை, பறவைகள் இல்லாத மாதங்களில், தெற்குத் தெருப் பெண்கள் வலையில்லாமல் கையால் பிடித்துக்கொள்ளலாம் என்று இந்த வருஷம் உத்தரவு வந்தது. மணிவேலுக்குத் திருப்தி இல்லை, குருமூர்த்திக்கும் இல்லை. தெருவில், இவளே பூட்டினாள் இவளே திறந்தாள், இதற்கு எதற்கு இத்தனை கோர்ட்டு என்று பேசிக்கொண்டார்கள். கிருஷ்ணம்மாள் உத்தரவைப் படித்தாள், ஒரு நகல் எடுத்துச் சின்னம்மாள் வீட்டு ஜன்னல் வழியாகக் கொடுத்தாள், மூலத்தைக் கேஸ் கட்டுக்குள் வைத்துக் கட்டினாள். அறுபத்தாறு வயதில் முட்டிவலி வந்துவிட்டது, மாடிப்படி ஏற நேரம் பிடிக்கிறது.

போன மாதம் ஒரு நாள் மாடி அறையில் இருந்தபோது வெளிநாட்டு நம்பரிலிருந்து போன் வந்தது.

“அத்தே. அறிவு பேசுறேன்.”

“சொல்லு.”

“அம்மா எல்லாம் சொல்லுச்சு.” பின்னால் வண்டிகள் ஓடும் இரைச்சல் கேட்டது. “சும்மாத்தான் போட்டேன் அத்தே.”

போனை வைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

“சாப்டியா?” என்றாள்.

“இன்னும் இல்ல. இங்க இப்பதான் பதினொன்னு ஆவுது.”

“வெயிலா?”

“வெயிலுதான். நம்ம ஊரு மாதிரி இல்ல, வேற மாதிரி வெயிலு.”

“தண்ணி நெறையக் குடி.”

“சரி அத்தே.”

கீழே, எதிரே கோர்ட் வாசலிலிருந்து குமாஸ்தா கை காட்டினார், அவள் கேஸைக் கூப்பிடப் போகிறார்களாம். கறுப்பு கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கினாள்.